பூமியின் நடுவைக் கண்டறிந்த பெண்மணி

உங்கள் வீட்டு முற்றத்தில் நின்று காலடி மண்ணைச் சற்று நோக்குங்கள். அதன் கீழே என்ன இருக்கின்றது? கிணறு வெட்டுவோர் சில பாகம் ஆழத்துக்குச் சொல்வார்கள். சுரங்கத் தொழிலாளர் இன்னும் சற்றுக் கூடுதலாகச் சொல்வார்கள். மனிதன் இதுவரை துளைத்த துளைகளுள் மிக ஆழமானது ருஷியாவின் கோலா குடாநாட்டில் உள்ளது. அதன் ஆழம் 12 கிலோமீற்றருக்குச் சிறிது அதிகம். ஆனால் பூமியின் நடுப்புள்ளிக்கோ இங்கிருந்து 6371 கிலோமீற்றர் தூரம் உண்டு. ஒரு மாம்பழத்தின் தோலைக்கூட நாம் இன்னும் முழுதாகக் கீறிப் பார்க்கவில்லை என்பதே உண்மை. அப்படியிருக்க, அந்த மாம்பழத்தின் உள்ளே ஒரு கொட்டை இருக்கின்றது என்று சொன்னவர் எவ்வாறு அதை அறிந்தார்? சொன்னவர் ஒரு பெண். சொன்ன ஆண்டு 1936. அவரது பெயர் இங்கா லேமன். அவரது வாழ்க்கையையே இவ்வாரம் உங்கள் முன் வைக்கின்றோம்.

டென்மார்க் தேசத்தின் தலைநகராகிய கொப்பன்ஹேகனில் 1888ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தை அல்பிரெட் லேமன் உளவியல் பேராசிரியர். ஓயாத உழைப்பாளி. பிள்ளைகள் அவரைச் சாப்பாட்டு மேசையிலும் ஞாயிற்றுக்கிழமை உலாவிலும் கண்டால் உண்டு. இங்காவுக்கு ஒரு சகோதரியும் இருந்தாள்.

சிறுமியைச் சேர்த்த பாடசாலை அக்காலத்துக்குப் புதுமையானது. அதை நடத்தியவர் ஹன்னா அட்லர் என்னும் அம்மையார். அணு விஞ்ஞானி நீல்ஸ் போரின் தாயாருக்குச் சகோதரி. அப்பள்ளியில் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து ஒரே பாடத்தைப் படித்தனர். ஆண்கள் தையலும் பழகினர், பெண்கள் பந்தும் அடித்தனர். ஆணின் மூளை வேறு, பெண்ணின் மூளை வேறு என்ற பேச்சே அங்கு எழவில்லை. வெளியுலகம் அவ்வாறானது அன்று என்பதைப் பின்னர் அறிந்தபோது இங்கா ஏமாற்றம் அடைந்தார். அவளது கெட்டித்தனத்தைக் கண்ட கணித ஆசிரியர் ஒருவர் மேலதிகக் கணக்குகளைக் கொடுப்பது வழக்கம். பெற்றோருக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளையின் உடல் தாங்காது என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் வீண் அன்று என்பதை அடுத்து வரும் ஆண்டுகள் காட்டும்.

1904ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஒரு ஞாயிறு முற்பகல். பதினாறு வயது இங்கா தாயுடனும் சகோதரியுடனும் வீட்டில் இருந்தாள். திடீரென நிலம் காலடியில் நகர்ந்தது. கூரையில் தொங்கிய விளக்கு ஆடியது. தந்தையார் அறைக்குள் வந்து, அது பூமியதிர்ச்சி என்றார். நோர்வேயின் ஒஸ்லோ குடாவை அண்டி எழுந்த அதிர்வு கடல் கடந்து வந்திருந்தது. அதன் பின் இருபது ஆண்டுகள் அவர் வேறொரு அதிர்ச்சியையும் உணரவில்லை. அதுவே தமது தொழிலாகும் என்று அன்று நினைக்கவும் இல்லை.

1907இல் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்திற் கணிதம் கற்கத் தொடங்கி, 1910இல் இங்கிலாந்து சென்று கேம்பிறிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கேதான் உடல் முறிந்தது. இரவு பகல் பாராத படிப்பினால் முற்றாகக் களைத்துப்போய், 1911 டிசம்பரில் பரீட்சை எதுவும் முடிக்காமல் வீடு திரும்பினார்.

பெற்றோர்களே, இவ்விடத்தில் சற்று நில்லுங்கள். நம் வீடுகளிலும் இது நடக்கின்றதே. பிள்ளை பரீட்சையை விட்டு வந்தால் அயலவர் வாய்க்குப் பயந்து நாம் குன்றிப்போகின்றோம். இங்கா லேமன் திரும்பி வந்து ஒரு காப்புறுதிக் கணக்காளரின் அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்தார். இன்னார் இத்தனை வயதில் இறக்கக்கூடும், ஆகவே இத்தனை பணம் கட்டவேண்டும் என்று கணக்கிடும் வேலை. ஒன்றிரண்டு மாதம் அல்ல, பல ஆண்டுகள். 1918இல் மீண்டும் பல்கலைக்கழகம் புகுந்து 1920இற் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 32. அந்த ஆண்டுகளை வீணான காலம் என்று பலர் எழுதிவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெருந்தொகையான இலக்கங்களைச் சோர்வின்றிக் கையாளவும், நம்பத்தகுந்த தரவு எது, நம்பத்தகாதது எது என்று பிரித்தறியவும் அவர் அந்த மேசையில்தான் பழகினார். பூமியின் நடுவை அவருக்குக் காட்டிக்கொடுத்தது அந்தப் பழக்கமே.

1925இல் புவியளவைத் துறையின் தலைவரான பேராசிரியர் நோர்லுண்ட் அவரை உதவியாளராக எடுத்தார். டென்மார்க்கிலும் அதன் ஆட்சிக்குட்பட்ட கிறீன்லாந்திலும் பூமியதிர்ச்சிப் பதிகருவிகளை நிறுவும் வேலை அவர் கைக்கு வந்தது. கருவியை முன்பின் கண்டிராதவர் அவர். தாமே நூல்களைப் படித்துக் கற்றார். 1927இல் ஜேர்மனியின் டாம்ஸ்டாட் நகருக்குச் சென்று பெனோ கூட்டன்பேக் என்ற பேரறிஞரிடம் ஒரு மாதம் பயின்றார். கிறீன்லாந்தின் ஸ்கோர்ஸ்பிசுண்ட் நிலையத்துக்கு ஆண்டுக்கொரு முறைதான் கப்பல் போகும். அங்கே ஒரு கருவி பழுதாயின் என்ன பாடு என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். 1928இல் அவர் நில அதிர்வுப் பகுதியின் தலைவியானார். தலைவி என்பது பெயருக்குத்தான். நாடு முழுவதற்கும் அத்துறை தெரிந்தவர் அவர் ஒருவரே. ஆராய்ச்சி செய்வது அவரது கடமைப் பட்டியலில் இல்லை. பதிவேடுகளை ஒழுங்காக வெளியிட்டாற் போதும். ஆராய்ச்சியை அவர் தாமாகவே செய்தார்.

இனி விடயத்துக்கு வருவோம். ஒரு பெரும் பூமியதிர்ச்சி நிகழும்போது, குளத்திற் கல் எறிந்தாற்போல அலைகள் எழுகின்றன. அவை நிலத்தின் மேல் மட்டுமன்றிப் பூமியின் உள்ளேயும் ஊடுருவிச் சென்று உலகின் மறுபக்கத்தில் வெளிப்படுகின்றன. முதலில் வருவது அமுக்கிப் பின் விரியும் அலை. அது திண்மத்திலும் செல்லும், திரவத்திலும் செல்லும். இரண்டாவது பக்கவாட்டாகக் குலுக்கும் அலை. அது திரவத்தினூடாகச் செல்லாது. இந்தியப் புவியியல் அளவைத் திணைக்களத்தில் பணியாற்றி, 1897ஆம் ஆண்டின் அசாம் பூமியதிர்ச்சியை ஆராய்ந்த ஒல்டம் என்ற ஆங்கிலேயர், பூமிக்குள் வேறுபட்ட ஒரு கரு உண்டு என்று 1906இற் காட்டினார். அது ஏறக்குறைய 2900 கிலோமீற்றர் ஆழத்தில் ஆரம்பிக்கின்றது என்று கூட்டன்பேக் கணித்தார். அந்தக் கரு திரவம் என்று 1926இல் கேம்பிறிட்ஜின் ஜெஃப்றீஸ் நிறுவினார்.

திரவக் கருவின் விளிம்பில் அலைகள் வளைகின்றன. தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குடுவையின் ஊடாக விளக்கொளி வளைவதை ஒத்தது அது. ஆகவே அதிர்ச்சி நிகழ்ந்த இடத்திலிருந்து 103 பாகை முதல் 142 பாகை வரையுள்ள நிலப்பரப்பு ஒரு நிழல் வலயமாகின்றது. அங்குள்ள கருவிகளில் நேரலைகள் தெரியக்கூடாது. அதுவே அன்றைய சாத்திரம்.

1929ஆம் ஆண்டு யூன் மாதம் 17ஆந் திகதி காலை நியூசிலாந்தின் மேர்ச்சிசன் என்னும் சிற்றூரை ஒரு பெரும் அதிர்ச்சி உலுக்கியது. மலைகள் சரிந்தன. 17 பேர் மாண்டனர். வீடுகளோடு மண்ணுக்குள் போனவர்களும் அவர்களுள் இருந்தனர். விஞ்ஞான நூல்கள் இந்தப் பதினேழு பேரை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றன. நாம் அவ்வாறு கடந்துபோகலாகாது. அவர்களைக் கொன்ற அதே அதிர்வுதான் பூமியைத் துளைத்து மறுபுறம் சென்று, அதன் உள்ளே இருப்பதைப் பற்றிய செய்தியை ருஷியாவின் ஸ்வெர்ட்லொவ்ஸ்க், இர்க்குட்ஸ்க் நிலையங்களின் தாள்களில் எழுதியது. அந்த இரு நிலையங்களும் நிழல் வலயத்துக்குள் அடங்கியவை. ஆனால் அங்கே தாளில் கோடுகள் துள்ளியிருந்தன.

அந்தத் துள்ளலை மற்றவர்களும் கண்டார்கள். கருவின் விளிம்பில் சிதறி ஒதுங்கி வந்த பலவீனமான அலை என்று சொல்லி வைத்துவிட்டார்கள். பெரியவர்கள் சொன்னது, கேட்க நியாயமாகவும் இருந்தது. லேமன் அம்மையாருக்கு அது திருப்தி தரவில்லை. அந்தக் கோடுகள் பலவீனமானவை அல்ல, தெளிவாகவே இருக்கின்றன என்பது அவர் கண்ட உண்மை. பல நாட்டு நிலையங்களின் தாள்களைத் தருவித்துத் தம் கண்ணாலேயே பார்த்தார். பிறர் வாசித்து அனுப்பிய இலக்கங்களை மட்டும் நம்பிக்கொண்டு அவர் இருக்கவில்லை. அக்காலத்திற் கணனி ஏது? ஓட்ஸ் மா வரும் மட்டைப் பெட்டிகளே அவரது கணனி! எந்த அதிர்ச்சி, எந்த நிலையம், எத்தனை மணி எத்தனை விநாடி என்று சிறு அட்டைகளில் எழுதி, அப்பெட்டிகளில் அடுக்கி, கோடை நாட்களில் வீட்டுத் தோட்டத்துப் புற்றரையில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். உறவினர் வீட்டுச் சிறுவன் ஒருவன் கண்ட இக்காட்சியை, வளர்ந்தபின் அவன் உலகுக்குச் சொன்னான்.

பின் அவர் செய்தது மிக எளிய ஒரு கணக்கு. பூமியின் மேற்பகுதி முழுவதிலும் அலை விநாடிக்கு 10 கிலோமீற்றர் வேகத்திற் செல்வதாகக் கொள்வோம். கருவுக்குள் 8 கிலோமீற்றர். இப்போது கருவின் நடுவில், அலை மீண்டும் வேகமாகச் செல்லும் ஒரு சிறிய உருண்டையை வைத்துப் பார்ப்போம். அதில் மோதும் அலைகள் திசை திரும்பி எங்கே வெளிவரும்? நிழல் வலயத்தின் நடுவே! ஸ்வெர்ட்லொவ்ஸ்க் தாளில் கண்ட நேரத்துக்கு இசைவாக! ஆக, திரவக் கருவின் நடுவே வேறொரு கரு இருக்கவேண்டும். 1936இல் அவர் இதை வெளியிட்டார். அக்கட்டுரைக்கு அவர் இட்ட தலைப்பு ஓர் எழுத்தும் அதன் தலையில் ஒரு சிறு கோடும் மட்டுமே. நடுவை ஊடுருவும் அலையை விஞ்ஞானிகள் குறிக்கும் அடையாளம் அது. விஞ்ஞான வரலாற்றிலேயே அதனினும் குறுகிய தலைப்பைக் காண்பது அரிது. அவர் தம் முடிவை மெய்யென்று அடித்துச் சொல்லவில்லை. இவ்வாறு கொண்டால் யாவும் பொருந்துகின்றன என்று மட்டும் அடக்கமாகக் கூறினார். உட்கருவின் ஆரை சுமார் 1400 கிலோமீற்றர் என அவர் மதிப்பிட்டார். இன்றைய அளவு ஏறக்குறைய 1220. மட்டைப் பெட்டிக் கணக்குக்கு இது எவ்வளவு நெருக்கம் பாருங்கள்!

இரண்டே ஆண்டுகளிற் கூட்டன்பேக்கும் அமெரிக்காவின் றிச்டரும் இதை ஏற்றனர். 1939இல் ஜெஃப்றீசும் தம் பழைய விளக்கம் பொருந்தாது என்று காட்டி ஒப்புக்கொண்டார். அவ்வாறு ஒப்புவதற்கும் ஒரு பெருந்தன்மை வேண்டும்.

இங்கே ஒரு சிறு விலகல். பூமியதிர்ச்சி ஆராய்ச்சியில் நம் திருச்சபைக்கும் பங்குண்டு என்பதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இயேசு சபைக் குருமார் மணிலாவிலும், அவுஸ்திரேலியாவின் றிவர்வியூவிலும், அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றிலும் பதிகருவிகளை இரவு பகலாகக் காத்தனர். செயின்ற் லூயிஸ் நகரில் வண. பிதா ஜேம்ஸ் மக்கெல்வேன் 1925இல் அந்நிலையங்களை ஒரு சங்கமாக இணைத்தார். லேமன் பிறந்த அதே கொப்பன்ஹேகனிற் பிறந்த நீல்ஸ் ஸ்டென்சன், கத்தோலிக்கராகி, பாறைப் படைகளின் நூலை 1669இல் எழுதி, குருவாகி, ஆயராகி மறைந்தவர். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை 1988இல் முத்திப்பேறு பெற்றோர் வரிசையிற் சேர்த்தார். லேமன் அம்மையார் கத்தோலிக்கர் அல்லர். அவருக்கு நாம் இல்லாத ஆடையைப் போர்த்த வேண்டியதில்லை. உண்மையைத் தேடிய ஒருவரை மதிக்க அது தேவையும் இல்லை.

1940 ஏப்பிரிலில் ஹிட்லரின் படை டென்மார்க்கினுட் புகுந்தது. வெளிநாட்டுத் தொடர்புகள் அறுந்தன. ஐந்தாண்டுகள் அவர் உள்ளதைக் காத்துக்கொண்டு உழைத்தார். போர் முடிந்தபின் 1950இல் ஐரோப்பிய நில அதிர்வுச் சம்மேளனத்தின் முதல் தலைவியாகத் தெரிவானார். ஆனால் சொந்த ஊரில் நடந்ததைக் கேளுங்கள். 1952இல் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்திற் புவிப்பௌதிகப் பேராசிரியர் பதவிக்கு அவர் பெயர் ஆராயப்பட்டது. கிடைக்கவில்லை. உலகின் நடுவையே காட்டித் தந்தவருக்குத் தன் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு நாற்காலி இல்லை! அடுத்த ஆண்டு, 65ஆவது வயதில், அவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

ஓய்வு என்பது பேச்சுக்குத்தான். அமெரிக்கா அவரை இருகரம் நீட்டி அழைத்தது. நியூயோர்க்கை அடுத்த லமொன்ற் ஆய்வு நிலையத்திலும், கலிபோர்னியாவிலும் அவர் மாதக்கணக்கில் தங்கி ஆராய்ந்தார். நிலத்தின் கீழ் சுமார் 220 கிலோமீற்றர் ஆழத்தில் அலை வேகம் திடீரென மாறும் ஓர் எல்லையைக் கண்டார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. வாலிபத்திற் களைத்து வீழ்ந்த அந்தப் பெண், எழுபது வயதுக்கு மேலும் மலையேறினார், பிரயாணம் செய்தார், தோட்டம் பயிரிட்டார். 1969இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை வெளிநாட்டு உறுப்பினராக்கியது. 1971இல் அமெரிக்கப் புவிப்பௌதிக ஒன்றியத்தின் உயர் விருதான போவி பதக்கத்தைப் பெற்ற முதற் பெண்மணியானார்.

அவர் கண்ட அந்த உருண்டை என்ன? இரும்பும் சிறிது நிக்கலும் கலந்த திண்மம் என்பது இன்றைய முடிவு. அது திண்மமே என்பதைப் பெரும் அதிர்ச்சிகளின்போது பூமி முழுவதும் மணிபோல் அதிரும் விதத்திலிருந்து 1971இல் டிசியெவொன்ஸ்கி, கில்பேட் என்போர் உறுதிப்படுத்தினர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஐ நாம் எவரும் மறக்கமாட்டோம். அன்று பூமி அவ்வாறே வாரக்கணக்கில் அதிர்ந்தது. கண்டிக்கு அருகே பல்லேகலையிலுள்ள பதிகருவியிருந்த நிலம், எவரும் உணராதபடி மெதுவாக, 9 சென்ரிமீற்றருக்கு மேல் ஏறி இறங்கியது. கரையில் நம்மவர்க்கு நேர்ந்ததை இங்கே எழுதத் தேவையில்லை.

சூரியனின் மேற்பரப்பை ஒத்த அந்த வெப்பத்தில் இரும்பு எவ்வாறு திண்மமாகும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. தேங்காய் எண்ணெய் குளிரில் உறைவதை அறிவீர்கள். அங்கே உறைய வைப்பது குளிரன்று, அமுக்கம். நம்மேல் உள்ள காற்றைப் போல முப்பது இலட்சம் மடங்குக்கும் மேற்பட்ட அமுக்கம். பூமி மெல்லமெல்ல ஆறுவதால், வெளியே உள்ள திரவ இரும்பு சிறிது சிறிதாக உட்கருவின் மேல் உறைந்து படிகின்றது. அதன் ஆரை ஆண்டுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் வளர்கின்றது. உங்கள் நகம் ஒரு வாரத்தில் வளரும் அளவைவிட அது சற்றே அதிகம். எல்லாப் பக்கமும் சமமாக வளர்வதாகவும் தெரியவில்லை. இந்தோனேசியாவின் பண்டாக் கடலுக்குக் கீழான பக்கம் விரைவாக வளர்கின்றது என்று 2021இல் ஓர் ஆய்வுக் குழு கணித்தது. இரும்பு உறையும்போது வெளிவரும் வெப்பமும், உறையாமல் ஒதுங்கும் இலேசான மூலகங்களும் மேலுள்ள திரவத்தைக் கலக்குகின்றன. அந்தக் கலக்கத்திற் பிறப்பதே பூமியின் காந்த மண்டலம். கடலோடியின் திசையறி கருவி வடக்கைக் காட்டுவதும், சூரியனிலிருந்து வீசும் மின்துகள்கள் நம் வளிமண்டலத்தை நேரே தாக்காதிருப்பதும் அதனாலேயே.

அந்த உருண்டை திரவத்தின் நடுவே மிதப்பதால் தன்பாட்டிற் சுழலவும் கூடும். தென் அத்திலாந்திக்கின் தென் சான்ட்விச் தீவுகளில் எழுந்து அலாஸ்காவிற் பதிவான அதிர்ச்சிகளை 1967 தொடக்கம் 1995 வரை ஒப்பிட்ட சொங், றிச்சாட்ஸ் என்னும் இருவர், உட்கருவைத் துளைத்து வந்த அலைகள் மூன்றிலொரு விநாடி அளவுக்கு நேரம் முந்தியிருப்பதை 1996இல் அறிவித்தனர். உட்கரு மற்றப் பூமியை விடச் சற்று விரைவாகச் சுழல்கின்றது என்பது அவர்களது முடிவு. அவர்கள் வேலை செய்த இடம், லேமன் ஒருகாலம் அமர்ந்திருந்த அதே லமொன்ற் நிலையம். அதன்மேல் பலத்த வாதங்கள் எழுந்தன. 2024இல் விடேல், வாங் முதலியோர், ஒரே இடத்தில் ஒரே விதமாக மீண்டும் எழுந்த 121 அதிர்ச்சிகளை ஆராய்ந்து, 2010ஆம் ஆண்டை அண்டி உட்கரு வேகம் தணிந்து, மேலுள்ள பூமியை விடப் பின்தங்கத் தொடங்கியுள்ளதெனக் கண்டனர். அதன் மேற்பரப்பின் வடிவமும் மாறக்கூடும் என 2025இல் அவர்களே கூறினர். பத்திரிகைகள் சில இதைப் பூமியின் இதயம் நின்றுவிட்டது என்று எழுதி மக்களைக் கலவரப்படுத்தின. அஞ்சவேண்டாம். அந்த மாற்றத்தை உங்கள் கால்கள் உணரப்போவதில்லை.

இவற்றையெல்லாம் கேட்க அம்மையார் உயிரோடு இல்லை. தமது கடைசிக் கட்டுரையை 1987இல், 98 வயதில் வெளியிட்டார். பழைய காலத்தில் தமது துறை எவ்வாறிருந்தது என்பதே அதன் பொருள். 1993 பெப்ரவரி 21ஆந் திகதி, 104 வயதிற் கொப்பன்ஹேகனிற் காலமானார். திருமணம் செய்யவில்லை. அவருக்கு நாற்காலி கொடுக்காத அதே பல்கலைக்கழகத்தின் முன்னால், 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் அவரது நினைவுச் சின்னம் எழுந்தது. அது நிற்கும் சதுக்கத்துக்குப் பெயர், நம் அன்னை மரியாளின் பெயர். கத்தோலிக்கக் காலத்தில் அங்கு கட்டப்பட்ட நம் நாயகி ஆலயத்தின் பெயரே, ஆலயம் லூதரன் சபையார் கைக்குப் போன பின்னரும், அச்சதுக்கத்துக்கு நிலைத்துவிட்டது.